பெஞ்சமின் ராபின்ஸ்

பெஞ்சமின் ராபின்ஸ் (1707 – சூலை 29, 1751) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் படைத்துறைப் பொறியாளரும் ஆவார். துப்பாக்கியிலிருந்து வெளிப்படும் குண்டின் திசைவேகத்தை நம்பத்தக்க முறையில் முதன்முதலில் அளந்தவர் இவரே. எறிபொருளியலைச் சோதனைகளின் மேல் நிறுவப்பட்ட ஓர் அறிவியலாக மாற்றியவர் என்று இவர் போற்றப்படுகிறார். கிழக்கிந்திய நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராகத் தமிழகத்திற்கு வந்த ராபின்ஸ், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில் தம் 44ஆம் அகவையில் காலமானார்.

குறி பார்த்துச் சுட்டாலும் குண்டு ஏன் குறியில் படுவதில்லை என்னும் கேள்விக்கு இவர் கண்ட விடைகளே பிற்கால ரைபிள்களின் அமைப்பிற்கும், அவற்றின் மேல் பொருத்தப்படும் தொலைநோக்கிகளின் அமைப்பிற்கும் அடிப்படையாக உள்ளன. ராபின்ஸ் துப்பாக்கித் தொலைநோக்கி எதையும் செய்தவர் அல்லர். எனினும் அக்கருவி பயன்படுவதற்குத் தேவையான அறிவு இவரிடமிருந்தே தொடங்குகிறது.

இளமை

ராபின்ஸ் இங்கிலாந்தின் பாத் நகரில் 1707ஆம் ஆண்டு பிறந்தார். இவருடைய பெற்றோர் குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள், வசதி குறைந்தவர்கள். போரையும் படைக்கலங்களையும் அடியோடு மறுப்பது அப்பிரிவின் கொள்கை. அக்குடும்பத்தில் பிறந்த ஒருவர் பீரங்கியியலின் முன்னோடி ஆனது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

சிறு வயதிலேயே இவருக்கிருந்த கணிதத் திறமையைக் கண்ட நண்பர்கள், இவரை இலண்டனில் இருந்த மருத்துவர் என்றி பெம்பர்ட்டனுக்கு அறிமுகம் செய்தனர். பெம்பர்ட்டன் அப்போது ஐசக் நியூட்டனின் பிரின்சிப்பியா நூலின் மூன்றாம் பதிப்பைச் சீர்செய்து வெளியிடும் பணியில் இருந்தவர். அவர் சோதனையாக அனுப்பிய கணக்குகளை ராபின்ஸ் எளிதாகத் தீர்த்தார். அதன்பின் இலண்டன் சென்று, பண்டைய கிரேக்க வடிவியலையும் நியூட்டனின் நூல்களையும் கற்றார். நாளடைவில் குவேக்கர் உடையையும் கொள்கைகளையும் கைவிட்டார்.

கணிதப் பணிகள்

நியூட்டனின் பரப்பளவு காணும் முறை பற்றிய நூலின் இறுதித் தேற்றத்திற்கு ராபின்ஸ் அளித்த நிறுவல், 1727இல் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. அதே ஆண்டில் அவர் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 20 மட்டுமே. அடுத்த ஆண்டில், மோதும் பொருள்களின் விசை பற்றி யோகான் பெர்னூலி கூறிய கருத்தை மறுத்து எழுதினார். ஐரோப்பாவின் முதன்மையான கணிதவியலாளர்களுள் ஒருவரை 21 வயது இளைஞர் மறுத்தது பலருடைய கவனத்தை ஈர்த்தது.

ஆயர் ஜார்ஜ் பெர்க்லி 1734இல் நுண்கணிதத்தின் அடிப்படைகள் தெளிவற்றவை என்று கண்டித்து எழுதினார். அதற்கு மறுமொழியாக ராபின்ஸ் 1735இல் நியூட்டனின் முறையை விளக்கும் நூலொன்றை வெளியிட்டார். ஒரு கணியம் ஓர் எல்லையை நெருங்குவது என்றால் என்ன என்பதை அந்நூல் கவனமாக வரையறுத்தது.

வருவாய்க்காகக் கணிதம் கற்பித்து வந்த ராபின்சுக்கு அத்தொழிலில் நாட்டம் குறைந்தது. பாலம், ஆலை, துறைமுகம், சதுப்புநில வடிகால் ஆகியவற்றில் கவனம் செலுத்தினார். பிளாண்டர்சு பகுதிக்குச் சென்று அங்கிருந்த கோட்டைகளையும் நேரில் பார்த்தார். கோட்டையை அறிய விரும்புபவர் அதைத் தாக்கும் பீரங்கியையும் அறிய வேண்டும் என்பதால், அவருடைய கவனம் மெல்ல வெடிமருந்தின் பக்கம் திரும்பியது.

அரசியலும் இழந்த பதவியும்

1739 முதல் ராபின்ஸ் தலைமை அமைச்சர் இராபர்ட் வால்போலின் ஆட்சியைக் கண்டித்துத் துண்டு நூல்கள் எழுதினார். வால்போல் பதவி விலகிய பின்னர், அவருடைய நடவடிக்கைகளை ஆராய நாடாளுமன்றம் 1742இல் அமைத்த குழுவிற்கு ராபின்ஸ் செயலாளராக இருந்தார்.

இதற்கிடையே 1741இல் வூல்விச் நகரில் அரச படைத்துறைக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. அங்கு கற்பிக்கும் பதவியை எதிர்பார்த்த ராபின்ஸ் அதற்கான பாடங்களையும் ஆயத்தம் செய்திருந்தார். ஆனால் அப்பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. கற்பிக்க எழுதி வைத்தவற்றை விரிவாக்கி 1742இல் நூலாக வெளியிட்டார். பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள் என்னும் அந்நூலே அவருக்கு அழியாப் புகழைத் தந்தது.

பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள்

எறியப்பட்ட பொருள் பரவளைவுப் பாதையில் செல்லும் என்று கலிலியோ நிறுவியிருந்தார். காற்று இல்லாத இடத்திற்கே அது முழுமையாகப் பொருந்தும். கலிலியோவும் இதை அறிந்திருந்தார். ஆனால் அவருக்குப் பின்வந்த பீரங்கியியல் நூலாசிரியர்கள், ஈயம், இரும்பு போன்ற கனமான குண்டுகளைக் காற்று பெரிதாகத் தடுக்காது என்று கருதி, பரவளைவையே கொண்டு அட்டவணைகள் அமைத்தனர். அது உண்மையா என்று அறியக் குண்டின் வேகம் தெரிய வேண்டும். அதை அளக்க அன்று ஏற்ற கருவி இல்லை.

எறிபொருள் ஊசல்

இக்குறையை நீக்க ராபின்ஸ் அமைத்த கருவி எறிபொருள் ஊசல் எனப்படுகிறது. கனமான மரக்கட்டை ஒன்று முன்னும் பின்னும் ஆடும்படி தொங்கவிடப்படும். அதன்மேல் சுடப்பட்ட குண்டு கட்டைக்குள் புதைந்து, கட்டையோடு சேர்ந்து பின்னோக்கி நகரும். கட்டையின் அடியில் கட்டப்பட்ட நாடா எவ்வளவு இழுக்கப்பட்டது என்பதைக் கொண்டு, கட்டை எவ்வளவு ஆடியது என்று அறியலாம்.

மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறுவதில்லை என்னும் விதியே இதன் அடிப்படை. எடுத்துக்காட்டாக, 38 கிராம் குண்டு ஒன்று நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் 25 கிலோகிராம் கட்டையில் புதைவதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்த நிறை குண்டின் நிறையைப் போல் ஏறத்தாழ 660 மடங்கு. ஆகவே கட்டை நொடிக்கு ஏறத்தாழ 0.76 மீட்டர் வேகத்தில் நகரத் தொடங்கி, ஏறத்தாழ 3 செ.மீ. உயரும். கண்ணுக்குப் புலப்படாத வேகம் இவ்வாறு அளவுகோலால் அளக்கத்தக்க நீளமாக மாறுகிறது. இன்றும் பள்ளி, கல்லூரி இயற்பியல் பாடங்களில் இக்கருவி பற்றிய கணக்குகள் இடம்பெறுகின்றன.

காற்றுத்தடை

முக்கால் அங்குல விட்டமும் ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையும் கொண்ட ஈயக்குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி (518 மீட்டர்) வேகத்தில் குழலை விட்டு வெளிப்படுகிறது என்று ராபின்ஸ் கண்டார். ஊசலை வெவ்வேறு தொலைவுகளில் வைத்துச் சுட்டபோது, செல்லச் செல்ல வேகம் எவ்வளவு குறைகிறது என்பதும் தெரிந்தது. அவ்வேகத்தில் காற்று தரும் தடை, குண்டின் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேற்பட்டது.

இதன் பொருளை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். பரவளைவுக் கணக்குப்படி, இக்குண்டை 45 பாகைச் சாய்வில் சுட்டால் அது ஏறத்தாழ 17 மைல் (27 கி.மீ.) தொலைவில் விழ வேண்டும். மதுரையிலிருந்து மேற்கு நோக்கிச் சுட்டால், உசிலம்பட்டிக்குச் செல்லும் வழியில் பாதிக்கு மேல் கடந்திருக்கும். ஆனால் நடைமுறையில் அத்தகைய குண்டு அரை மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 800 மீட்டருக்குள், விழுந்துவிடுகிறது என்று ராபின்ஸ் சுட்டிக்காட்டினார். அதுவரை பயன்பட்டு வந்த அட்டவணைகள் எவ்வளவு பிழையானவை என்பது இதனால் வெளிப்பட்டது.

குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கிக் கடக்கும்போது தடை திடீரென ஏறத்தாழ மும்மடங்காகிறது என்பதையும் அவர் கண்டறிந்தார். ஒலியை விஞ்சிய வேகத்தில் காற்று வேறு வகையில் நடந்துகொள்கிறது என்பதற்கான முதல் சோதனைச் சான்று இதுவே. வானூர்திப் பொறியாளர்கள் இதே சிக்கலை 20ஆம் நூற்றாண்டில் எதிர்கொண்டனர்.

பக்க விலகல்

அன்றைய போர்வீரர்களின் துப்பாக்கிக் குழல் உட்புறம் வழவழப்பாக இருந்தது. குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. ஆகவே சுடும்போது அது குழலின் சுவரில் இங்கும் அங்கும் மோதி உருண்டு, ஏதேனும் ஒரு திசையில் சுழன்றபடி வெளியேறும். துப்பாக்கியை அசையாமல் இறுக்கிப் பொருத்தி ஒரே குறியை நோக்கிப் பலமுறை சுட்டாலும், குண்டுகள் ஒரே இடத்தில் படவில்லை. தொலைவு கூடும்போது விலகல் அத்தொலைவைவிட விரைவாகக் கூடியது. காற்றில் செல்லும்போதும் குண்டு தொடர்ந்து வளைகிறது என்பதையே இது காட்டியது.

இவ்வளைவுக்குக் குண்டின் சுழற்சியே காரணம் என்று ராபின்ஸ் முடிவு செய்தார். அதை நிறுவ அவர் செய்த சோதனை எளிமையானது. துப்பாக்கிக் குழலின் முனையைச் சற்று இடப்புறமாக வளைத்தார். வளைந்த முனையில் குண்டு வலப்புறச் சுவரை உரசி உருளும். ஆகவே அதன் சுழற்சி எத்திசையில் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். வழி நெடுகிலும் மெல்லிய தாள் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டபோது, குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்னர் வளைந்து வலப்புறம் திரும்பியதைத் துளைகள் காட்டின. குழல் காட்டிய திசைக்கு எதிர்த்திசையில் குண்டு சென்றதற்குச் சுழற்சியைத் தவிர வேறு காரணம் கூற இயலாது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1852இல் செருமானிய இயற்பியலாளர் மாக்னசு இதே நிகழ்வை ஆராய்ந்தார். இன்று இது மாக்னசு விளைவு என்று அறியப்படுகிறது. துடுப்பாட்டத்தில் சுழற்பந்து காற்றில் வளைவதும், காற்பந்தாட்டத்தில் உதைத்த பந்து வளைந்து வலைக்குள் செல்வதும் இவ்விளைவினாலேயே. சில நூல்கள் இதை ராபின்ஸ் விளைவு என்றும் குறிப்பிடுகின்றன.

ஆய்லரின் மொழிபெயர்ப்பு

பெர்லினில் இருந்த புகழ்பெற்ற கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர், இந்நூலைச் செருமானிய மொழியில் பெயர்த்து 1745இல் வெளியிட்டார். தம்முடைய விளக்கங்களைச் சேர்த்து மூலநூலைவிடப் பன்மடங்கு பெரிதாக்கினார். ராபின்ஸ் அளந்து கண்டவற்றைச் சமன்பாடுகளாக வடித்தது அதன் சிறப்பு. எனினும் பக்க விலகலுக்குச் சுழற்சியே காரணம் என்பதை ஆய்லர் ஏற்கவில்லை. குண்டு சரியான உருண்டையாக வார்க்கப்படாததே காரணம் என்று அவர் கருதினார். ஆய்லரின் புகழ் காரணமாக அவருடைய கருத்தே நெடுங்காலம் நிலைத்தது. இச்செய்தியில் சரியாகக் கண்டவர் ராபின்சே என்பதைப் பிற்காலச் சோதனைகள் உறுதி செய்தன.

இந்நூலை லொம்பார்டு என்பவர் பிரெஞ்சில் பெயர்த்து 1783இல் வெளியிட்டார். ஒக்சோன் நகரின் பீரங்கிப்படைப் பள்ளியில் லொம்பார்டு கற்பித்தபோது, அங்கு பயின்ற இளம் அலுவலர்களுள் நெப்போலியனும் ஒருவர்.

புரியிட்ட குழல்

சுழற்சியே குண்டை வளைக்கிறது என்றால், அச்சுழற்சியை நம் விருப்பப்படி அமைத்தால் என்ன நிகழும்? இக்கேள்விக்கான விடையை ராபின்ஸ் 1747இல் அரச கழகத்தில் படித்த கட்டுரையில் அளித்தார். குழலின் உட்புறத்தில் திருகாணியின் புரிபோலப் பள்ளங்களை வெட்டிய துப்பாக்கிகள் செருமனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் வேட்டைக்காரர்களிடம் நெடுங்காலமாகவே இருந்தன. இவையே ரைபிள்கள். அவை குறி தவறாமல் சுடும் என்பது அனைவரும் அறிந்தது. ஆனால் ஏன் என்பதற்குப் பொருத்தமான விளக்கம் இல்லை.

புரிகளில் சிக்கிச் செல்லும் குண்டு, தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல்கிறது என்று ராபின்ஸ் விளக்கினார். அதனால் பக்கவாட்டில் இழுக்கும் விசை தோன்றுவதில்லை. குண்டின் குறைபாடுகளும் சுழற்சியால் எல்லாப் பக்கமும் சமமாகப் பகிரப்படுகின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, குண்டும் தன் அச்சு மாறாமல் செல்கிறது. உருண்டைக்கு மாறாக முட்டை வடிவக் குண்டைப் பயன்படுத்தலாம் என்றும் அவர் பரிந்துரைத்தார். இன்றைய நீள்வடிவத் தோட்டாக்களின் முன்னோடி என்று இதைக் கருதலாம்.

ரைபிளின் இயல்பை முழுதும் உணர்ந்து, தன் படைகளை முதலில் அதற்கு மாற்றிக்கொள்ளும் நாடு, துப்பாக்கி முதன்முதலில் தோன்றியபோது கிடைத்த மேன்மைக்கு நிகரான மேன்மையைப் பெறும் என்று அவர் அக்கட்டுரையின் முடிவில் முன்னுரைத்தார். இப்பணிகளுக்காக 1746ஆம் ஆண்டிற்கான காப்ளி பதக்கத்தை அரச கழகம் அவருக்கு வழங்கியது.

பிற பணிகள்

ஜார்ஜ் ஆன்சன் என்னும் கடற்படைத் தலைவர் 1740 முதல் 1744 வரை உலகைச் சுற்றிவந்த பயணத்தின் வரலாறு 1748இல் வெளியானது. அது ரிச்சர்டு வால்டர் என்பவர் பெயரில் வந்தாலும், அதை எழுதியதில் ராபின்சுக்குப் பெரும்பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. வாணவெடிகள் எவ்வளவு உயரம் எழுகின்றன என்பதையும் அவர் அளந்து, அரச கழகத்தில் கட்டுரை படித்தார்.

தமிழகத்தில்

1746இல் பிரெஞ்சுப் படைகள் சென்னையையும் புனித ஜார்ஜ் கோட்டையையும் எளிதில் கைப்பற்றின. அமைதி உடன்படிக்கையின்படி 1749இல் அவை ஆங்கிலேயரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. தன் கோட்டைகள் எவ்வளவு வலுவற்றவை என்பதை உணர்ந்த கிழக்கிந்திய நிறுவனம், அவற்றைச் சீரமைக்க ராபின்சைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. 1749ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அவர், 1750 சூலையில் புனித டேவிட் கோட்டையை அடைந்தார். வானியல் ஆய்வுக்கான கருவிகளையும் உடன் கொண்டு வந்திருந்தார்.

சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால், சென்னை மாகாணத்தின் தலைமையிடம் அக்காலத்தில் புனித டேவிட் கோட்டையிலேயே இருந்தது. 1752இல்தான் அது மீண்டும் சென்னைக்கு மாறியது. இக்கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு விழும் தொலைவுக்குட்பட்ட ஊர்களும் விற்பனையில் அடங்கும் என்று முடிவாயிற்று. அவ்வாறே பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டு எல்லை வகுக்கப்பட்டது. அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஒருவர், அதே அளவையால் எல்லை வகுக்கப்பட்ட நிலத்தில் தம் இறுதி நாள்களைக் கழித்தார்.

ராபின்ஸ் புனித டேவிட், புனித ஜார்ஜ் ஆகிய இரு கோட்டைகளுக்கும் சீரமைப்புத் திட்டங்களை வரைந்தார். ஆனால் இந்நாட்டின் தட்பவெப்பம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வந்த சில மாதங்களிலேயே காய்ச்சலால் படுத்தார். அதிலிருந்து தேறினாலும் உடல்நலம் முழுமையாகத் திரும்பவில்லை. சூலை 29, 1751 அன்று புனித டேவிட் கோட்டையில் காலமானார். நிறுவனத்தின் இயக்குநர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது என்று கூறப்படுகிறது.

ராபின்சுடன் உதவியாளராக வந்த ஜான் கால் என்னும் இளைஞர், பின்னாளில் சென்னையின் தலைமைப் பொறியாளர் ஆனார். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758இல் புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றி இடித்தார். அதன்பின் அவர் சென்னையை முற்றுகையிட்டபோது, புதிதாக வலுப்படுத்தப்பட்டிருந்த புனித ஜார்ஜ் கோட்டை 1759 பிப்ரவரி வரை தாக்குப்பிடித்து, விழாமல் நின்றது. அப்போது கோட்டையின் பொறியாளராக இருந்தவர் ஜான் கால். மதுரை நாட்டுக் கோயில் கூரைகளில் தாம் கண்ட இராசி உருவங்களைப் பற்றி அவர் எழுதிய மடல், 1772இல் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியானது.

துப்பாக்கித் தொலைநோக்கியும் ராபின்சின் முடிவுகளும்

குறுக்குக்கம்பிகள் கொண்ட தொலைநோக்கி ராபின்சின் காலத்திற்கு முன்னரே இருந்தது. ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் காசுகொயின் 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அதை விண்மீன்களை நோக்கப் பயன்படுத்தினார். எனினும் 19ஆம் நூற்றாண்டில்தான் தொலைநோக்கி துப்பாக்கியின்மேல் பயனுள்ள கருவியாக ஏறியது. காரணம் எளியது. வழவழப்பான குழலிலிருந்து சுடப்படும் குண்டு எங்குச் செல்லும் என்பது உறுதியில்லாதபோது, குறியைப் பெரிதாக்கிக் காட்டுவதால் பயனில்லை. ஒரே நிலையில் சுட்டால் ஒரே இடத்தில் படும் என்ற உறுதியைப் புரியிட்ட குழலே தந்தது.

இந்தியாவில் பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட் டேவிட்சன் என்னும் அலுவலர், இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். அவருடைய அமைப்பிலான தொலைநோக்கிகள் விட்வொர்த் ரைபிள்களின் இடப்பக்கத்தில் பொருத்தப்பட்டு, 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்பட்டன.

பார்வைக்கோடும் குண்டின் பாதையும்

தொலைநோக்கி வழியே செல்லும் பார்வைக்கோடு நேரானது. குண்டின் பாதையோ வளைந்தது. குழலை விட்டு வெளிவந்த நொடியிலிருந்தே குண்டு கீழே விழத் தொடங்குகிறது. அரை நொடியில் ஏறத்தாழ 1.2 மீட்டர் விழும். காற்றுத்தடையால் வேகம் குறையக் குறைய, ஒவ்வொரு மீட்டரையும் கடக்க ஆகும் நேரம் கூடுகிறது. ஆகவே விழும் அளவும் மேலும் கூடுகிறது. இதை ஈடுசெய்யக் குழல் பார்வைக்கோட்டைவிடச் சற்று மேல்நோக்கி இருக்குமாறு அமைக்கப்படுகிறது. குழலுக்கு மேலே பொருத்தப்பட்ட தொலைநோக்கியின் பார்வைக்கோட்டைக் குண்டு பொதுவாக இருமுறை வெட்டும்: அருகில் மேலேறும்போது ஒருமுறை, தொலைவில் கீழிறங்கும்போது மறுமுறை. எத்தொலைவில் பார்வைக்கோடும் குண்டும் சந்திக்க வேண்டும் என்று சுட்டுப் பார்த்து அமைப்பதே குறி சரிசெய்தல் எனப்படுகிறது. இக்கணக்கு முழுவதும் ராபின்ஸ் அளந்த இரண்டு கணியங்களை, அதாவது தொடக்க வேகத்தையும் காற்றுத்தடையையும், சார்ந்துள்ளது.

கருவியின் அமைப்பு

துப்பாக்கித் தொலைநோக்கியின் முன்முனையில் உள்ள பொருளருகு வில்லை, குறியின் தலைகீழ் உருவத்தைக் குழாய்க்குள் தோற்றுவிக்கிறது. இடையிலுள்ள வில்லைத் தொகுதி அதை நேராக்குகிறது. கண்ணருகு வில்லை அதைப் பெரிதாக்குகிறது. குறுக்குக்கம்பிகள் உருவம் விழும் தளத்திலேயே அமைய வேண்டும். அவ்வாறு அமையாவிட்டால், கண் சற்று நகர்ந்தாலும் கம்பி குறியிலிருந்து விலகுவதுபோலத் தோன்றும். இது இடமாறு தோற்றப்பிழை ஆகும்.

குழாயின் மேலும் பக்கத்திலும் உள்ள திருகிகள் பார்வைக்கோட்டைச் சிறு படிகளாக நகர்த்துகின்றன. பல கருவிகளில் ஒரு படி என்பது ஒரு பாகைத் துளியின் நான்கில் ஒரு பங்கு. ஒரு பாகைத் துளி என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஆகவே 100 மீட்டர் தொலைவில் ஒரு படி ஏறத்தாழ 7 மி.மீ. நகர்வைத் தரும். துப்பாக்கி பின்னுதைக்கும்போது கண்ணில் இடிபடாமல் இருக்க, கண்ணிலிருந்து சில செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கும் வகையில் கண்ணருகு வில்லை அமைக்கப்படுகிறது.

பொருத்தும் முறை

தொலைநோக்கி எவ்வளவு சிறந்ததாயினும், துப்பாக்கியோடு அதை இணைக்கும் தாங்கி அசைந்தால் பயனில்லை. துப்பாக்கியின் மேற்புறத்தில் திருகாணிகளால் ஓர் அடித்தளம் பொருத்தப்படுகிறது. அதன்மேல் இரண்டு வளையங்கள் அமர்ந்து குழாயைப் பற்றுகின்றன. குழாய்களின் விட்டம் பெரும்பாலும் 25.4 மி.மீ. அல்லது 30 மி.மீ. இரு வளையங்களும் ஒரே அச்சில் அமைதல் இன்றியமையாதது. அவற்றுக்கிடையே 10 செ.மீ. இடைவெளி இருக்கும்போது, ஒரு வளையம் 0.1 மி.மீ. விலகினால் பார்வைக்கோடு ஆயிரத்தில் ஒரு பங்கு சாயும். அதன் விளைவாக 100 மீட்டரில் 10 செ.மீ.யும், 300 மீட்டரில் 30 செ.மீ.யும் குறி தவறும். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஏற்படும் பின்னுதைப்பு தொலைநோக்கியை முன்னும் பின்னும் இழுக்கிறது. ஆகவே அடித்தளத்தில் குறுக்குப் பள்ளங்கள் வெட்டி, அவற்றில் தாங்கியின் மேடு அமருமாறு செய்வர். தொலைதூரச் சுடுதலுக்கு முன்புறம் சற்றுத் தாழ்ந்து சரியும் அடித்தளமும் பயன்படுகிறது. திருகியின் நகர்வு முழுவதும் தீர்ந்துபோகாமல் இருக்க இது உதவுகிறது.

குழலின் புரியால் குண்டு நிலைபெற்றாலும், நெடுந்தொலைவில் சுழலும் திசையிலேயே அது சிறிது விலகுகிறது. நீள்வடிவக் குண்டுகளில் காணப்படும் இந்த விலகலையும், பக்கக் காற்றையும் கருதிப் பக்கத் திருகி அமைக்கப்பட்டுள்ளது.

தாக்கம்

ராபின்சின் முன்னுரை நிறைவேற நூறாண்டுகள் ஆயின. புரியிட்ட குழலில் குண்டை முன்புறமிருந்து இறுக்கி அடித்து ஏற்ற நேரம் பிடித்ததால், படைகள் அதைச் சிறப்புப் பிரிவுகளுக்கு மட்டுமே அளித்தன. பிரித்தானியப் படையில் 1800ஆம் ஆண்டளவில் பேக்கர் ரைபிள் அவ்வாறு பயன்படத் தொடங்கியது. காலாட்படை முழுவதற்குமான ரைபிளாக 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கி வந்தது. அத்துப்பாக்கிக்கான கொழுப்புத் தடவிய தோட்டாக்களே இந்தியாவில் 1857 கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயின.

ராபின்சின் ஊசல் சோதனைகளை வூல்விச்சில் சார்லசு அட்டன் பீரங்கிக் குண்டுகளுக்கும் விரிவாக்கினார். ராபின்சுக்கு மறுக்கப்பட்ட அதே கல்விக்கழகத்தில், அவருடைய முறையே பாடமாயிற்று. அவருடைய எழுத்துகளை நண்பர் ஜேம்சு வில்சன் தொகுத்து 1761இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

தமிழ்நாட்டில் 1966இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையில் ரைபிள்கள் செய்யப்படுகின்றன. படைக்கலங்களுக்கான தொலைநோக்கிகள் தேராதூனில் உள்ள அரசுத் தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன. குழலுக்குப் புரி வெட்டுவதும், தொலைநோக்கியில் தொலைவுக்கேற்ற அளவைக் குறிப்பதும் அங்கு அன்றாடப் பணிகள். அவ்விரண்டிற்கும் காரணம் கண்டவர் இறந்த புனித டேவிட் கோட்டை, இன்று கடலூர்க் கடற்கரையை அடுத்துச் சிதைந்த நிலையில் உள்ளது.

முதன்மையான ஆக்கங்கள்

1727 – நியூட்டனின் பரப்பளவு காணும் முறையின் இறுதித் தேற்றத்திற்கான நிறுவல்
1735 – நியூட்டனின் நுண்கணித முறையின் இயல்பும் உறுதியும் பற்றிய உரை
1742 – பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள்
1747 – புரியிட்ட குழல்களின் இயல்பும் பயனும் பற்றிய கட்டுரை
1747 – பிரித்தானியக் கடற்படையின் வலிமையைக் கூட்டுவதற்கான முன்மொழிவு
1761 – கணிதக் கட்டுரைகள், இரு தொகுதிகள் (மறைவுக்குப் பின் வெளியானது)